ஸ்டாக்ஹோமில் நண்பன் வீட்டில் ஒரு வார இறுதி: வெள்ளி மாலை முதல் ஞாயிறு இரவு வரை முழு வழிகாட்டி

ஐரோப்பாவில் வேலைக்கோ படிப்புக்கோ வந்த நம்மவர்களுக்கு ஏதாவது ஒரு ஊரில் கல்லூரி நண்பன் ஒருவன் இருப்பான். "ஒரு வீக்கெண்ட் வாடா" என்று இரண்டு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பான். என் நண்பன் இருப்பது சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில். மூன்று முறை போய் வந்துவிட்டேன்.

முதல் முறை 11 இடங்கள் எழுதிய பட்டியலோடு போனேன். பிப்ரவரிக் குளிரில் ஓடி ஓடி 9 இடங்களைப் பார்த்தும் விட்டேன். ஆனால் அவனோடு நிதானமாக உட்கார்ந்து பேசியது, ஞாயிறு இரவு ரயில் மேடையில் காத்திருந்த 20 நிமிடம் மட்டும்தான். ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று அவன் சொல்லத் தொடங்கியபோது ரயில் வந்துவிட்டது. அன்றைக்குப் பட்ட வருத்தத்தில் உருவானதுதான் இந்தத் திட்டம். நாளுக்கு ஒரே ஒரு பெரிய இடம், மீதி நேரம் முழுக்க நண்பனோடு நடை. ஸ்டாக்ஹோமுக்கு இது நன்றாகவே ஒத்துவரும். 14 தீவுகளின் மேல் நிற்கும் ஊர் அது. ஒரு பக்கம் மேலரன் ஏரி, மறுபக்கம் பால்டிக் கடல். எங்கே நடந்தாலும் பத்து நிமிடத்தில் தண்ணீர் கண்ணில் படும்.

படி 1: எந்த மாதம் போவது

இந்த ஊரில் வெளிச்சத்தை வைத்துத்தான் மாதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜூன் கடைசியில் அதிகாலை மூன்றரைக்கே சூரியன் வந்துவிடும், இரவு பத்துக்குத்தான் இறங்கும். டிசம்பரில் காலை எட்டே முக்காலுக்கு உதித்து மதியம் மூன்று மணிக்கு முன்பே மறைந்துவிடும். கோடையில் ஒரு நாளில் செய்வதைக் குளிர்காலத்தில் இரண்டு நாளுக்குப் பிரிக்க வேண்டியிருக்கும்.

முதல் தடவை என்றால் மே கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிக்குள் போங்கள். அதற்குள்ளும் ஒரு வாரத்தைத் தவிர்க்க வேண்டும். ஜூன் 19 முதல் 25-க்குள் வரும் வெள்ளிக்கிழமை, கோடை நடுநாள் விழாவின் முன்தினம். நம் ஊரில் பொங்கலுக்குச் சென்னை காலியாவது மாதிரி அன்றைக்கு ஸ்டாக்ஹோம் காலியாகிவிடும். எல்லோரும் கிராமத்து வீட்டுக்கோ தீவுக்கோ போயிருப்பார்கள், கடைகளும் பெரும்பாலும் மூடியிருக்கும். நண்பனுக்கும் எங்கிருந்தாவது அழைப்பு வந்திருந்தால் அவனோடு போய்விடுங்கள். இல்லையென்றால் வேறு வாரம் பாருங்கள்.

டிசம்பருக்கும் தனி அழகு உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்களும் அநேகமாக எல்லா வீட்டு ஜன்னலிலும் முக்கோண வடிவ மின்மெழுகுவர்த்தி விளக்கு எரியும். மாலை நான்கு மணி இருட்டில், பனி மூடிய தெருவில், மாடி மாடியாக அந்த விளக்குகளைப் பார்த்தபோது எனக்குக் கார்த்திகை தீபம்தான் ஞாபகம் வந்தது.

படி 2: விசாவும் டிக்கெட்டும்

ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து போன்ற ஷெங்கன் நாடு ஒன்றில் குடியிருப்பு அட்டை வைத்திருப்பவர்களுக்குத் தனி விசா வேண்டாம். பாஸ்போர்ட், அட்டை இரண்டையும் கையில் வைத்துக்கொண்டால் சரி. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டோடு பிரிட்டனில் இருப்பவர்களுக்கும் அந்த நாடுகளிலிருந்தே வருபவர்களுக்கும் ஷெங்கன் விசா அவசியம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாட்களுக்குள் போனால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நண்பன் தரும் அழைப்புக் கடிதம், அவனுடைய குடிப்பதிவுச் சான்று, 30,000 யூரோ வரை ஈடுகட்டும் பயணக் காப்பீடு ஆகியவற்றை முன்கூட்டியே சேர்த்து வையுங்கள்.

விமான டிக்கெட் எடுக்கும்போது எந்த விமான நிலையம் என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். ஸ்டாக்ஹோம் என்று பெயர் போட்ட எல்லாமே ஸ்டாக்ஹோம் பக்கத்தில் இல்லை. ஆர்லண்டா, ஊரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. ஸ்காவ்ஸ்டாவும் வெஸ்டரோஸும் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. வெள்ளி இரவு பத்து மணிக்கு ஸ்காவ்ஸ்டாவில் இறங்கினால் நண்பன் வீட்டுக் கதவைத் தட்டும்போது நடுநிசி ஆகிவிடும். டிக்கெட்டில் மிச்சம் பிடித்த காசு பஸ்ஸுக்கும் தூக்கத்துக்கும் போய்விடும்.

படி 3: பெட்டியில் என்ன கொண்டுபோவது

நண்பனுக்கு எது வேண்டும் என்று அவனிடமே கேளுங்கள். என் நண்பன் ஒவ்வொரு முறையும் கேட்பது சுண்டைக்காய் வற்றலும் அவன் அம்மா அரைத்துக் கொடுக்கிற குழம்புப் பொடியும்தான். பொடி, வற்றல், வடகம், முறுக்கு எல்லாம் சிக்கலில்லாமல் போகும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து நேராக வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இறைச்சியும் பால் பொருட்களும் பையில் வரக்கூடாது. நெய்யும் பால்கோவாவும் அதில் அடக்கம். சான்றிதழ் இல்லாத கறிவேப்பிலைக்கும் அனுமதி கிடையாது. சொந்த உபயோகத்துக்கான கருவாடு 20 கிலோ வரை கொண்டுவரலாம். வாசனை மட்டும் உங்கள் பொறுப்பு, இரண்டு மூன்று உறை போட்டு நன்றாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

உடைகளில், கோடையானாலும் காற்று புகாத மெல்லிய ஜாக்கெட் ஒன்று வேண்டும். படகுத் தளத்தில் நிற்கும்போது அதன் அருமை தெரியும். குளிர்காலத்தில் ஒரே தடித்த கோட்டை நம்பாமல் மெல்லிய உடைகளை அடுக்கடுக்காகப் போடுங்கள். உள்ளே எல்லா இடமும் சூடாக இருப்பதால் கழற்றிக் கழற்றிப் போட வேண்டிவரும். பிடிமானம் உள்ள காலணி முக்கியம். உருகி மறுபடி உறைந்த பனி கண்ணாடி மாதிரி வழுக்கும். மார்ச்சில் கூரைப் பனியைத் தள்ளுகிறவர்கள் கீழே தடுப்பு வைத்திருப்பார்கள். அதைத் தாண்டி நடக்கவே நடக்காதீர்கள்.

சுவீடன் பணத்துக்குக் குரோனா என்று பெயர். மூன்று பயணத்திலும் நான் ஒரு நோட்டைக்கூடத் தொடவில்லை. பணமே வாங்க மாட்டோம் என்று வாசலில் எழுதிய கடைகள் நிறைய. அட்டை போதும், ஒன்று வேலை செய்யாவிட்டால் உதவ இன்னொன்றும் இருக்கட்டும். அங்கே எல்லோரும் பயன்படுத்தும் ஸ்விஷ் செயலி, நம் யுபிஐ மாதிரி. அதற்கு உள்ளூர் வங்கிக் கணக்கு வேண்டும் என்பதால் சந்தைக் கடைகளில் நண்பனைக் கொடுக்கச் சொல்லிவிட்டு அப்புறம் கணக்கு முடித்துக்கொள்ளலாம்.

படி 4: வந்து இறங்கியதும்

ஆர்லண்டாவிலிருந்து ஊருக்குள் வர மூன்று நான்கு வழிகள் இருக்கின்றன. ஆர்லண்டா எக்ஸ்பிரஸ் 20 நிமிடத்துக்குள் மத்திய நிலையத்துக்குக் கொண்டுவிடும், விலைதான் அதிகம். புறநகர் ரயில் சுமார் 40 நிமிடம் எடுக்கும். அதில் சாதாரணச் சீட்டோடு விமான நிலையத்தில் ஏறி இறங்குவதற்கென்று கூடுதல் கட்டணமும் உண்டு. அந்தக் கூடுதலையும் தவிர்க்க நினைத்தால் 583 எண் பஸ்ஸில் மெர்ஷ்டா நிலையத்துக்கு வந்து அங்கிருந்து புறநகர் ரயில் ஏறலாம். வழியெல்லாம் சாதாரணச் சீட்டே செல்லும். கையில் நேரமிருக்கும் மாணவர்களுக்கு அதுதான் சரி.

ஆனால் எல்லோரும் போகிறார்களே என்று மத்திய நிலையத்துக்குப் போய்விடாதீர்கள். நண்பன் எங்கே குடியிருக்கிறான் என்று முதலில் பாருங்கள். நம் ஐடி ஆட்கள் நிறையப் பேர் வேலை பார்ப்பதும் வசிப்பதும் வடக்குப் பக்கம், கிஸ்டா வட்டாரத்தில். பலகையில் 'கிஸ்டா' என்று படிக்கத் தோன்றும், ஊர்க்காரர்கள் சொல்வது 'ஷிஸ்தா'. ஆர்லண்டாவிலிருந்து வரும் புறநகர் ரயிலில் ஹெலனெலுண்டில் இறங்கினால் ஷிஸ்தா பக்கத்திலேயே. ஊருக்குள் போய்த் திரும்பி வர வேண்டியதில்லை.

போக்குவரத்தை நடத்துவது எஸ்.எல். நிறுவனம். மெட்ரோ, பஸ், டிராம், புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு. ஒற்றைச் சீட்டு 75 நிமிடம் செல்லும், அதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். வங்கி அட்டையை வாசலில் தட்டினாலே போதும். 72 மணி நேரச் சீட்டின் விலை, ஒற்றைச் சீட்டைப் போல 8 மடங்குக்குச் சற்று மேல். வெள்ளி மாலை தொடங்கினால் திங்கள் மாலை வரை செல்லும். இந்தத் திட்டப்படி சுற்றினால் எப்படியும் அந்த எண்ணிக்கையை எட்டுவீர்கள் என்பதால் நான் அதையே வாங்குவேன். நகரும் படியில் வலப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள், இடப்பக்கம் அவசரமாக ஏறுகிறவர்களுக்கு.

படி 5: வெள்ளி இரவு, வீட்டில்

இந்த இரவில் எந்த இடத்தையும் பார்க்க வைக்காதீர்கள். செருப்பை வாசலில் கழற்றுவது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, சுவீடன்காரர்களும் அப்படித்தான். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், பாட்டில் வாங்க வேண்டாம். காலி பாட்டிலையும் டப்பாவையும் குப்பையில் போடாதீர்கள். பல்பொருள் அங்காடியில் இருக்கும் எந்திரத்தில் போட்டால் வாங்கும்போது கட்டிய முன்பணம் திரும்ப வரும். நண்பன் அதற்கென்று ஒரு மூட்டையே சேர்த்து வைத்திருப்பான்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் பொதுச் சலவை அறை ஒன்று இருக்கும். ட்வெட்ஸ்டூகா என்பார்கள். யாருக்கு எந்த நேரம் என்று முன்பதிவு உண்டு. பழைய கட்டடங்களில் சுவரில் ஒரு பலகை, அதில் ஒவ்வொரு வீட்டு எண்ணுக்கும் ஒரு சிறிய பூட்டு, அதைத் தேதிக்கட்டத்தில் செருகிப் பூட்டிவிட்டு வருவார்கள். புதிய கட்டடங்களில் திரையைத் தட்டி எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் நேரத்தில் இன்னொருவர் நுழைவது பெரிய மரியாதைக் குறைவு. உங்கள் நண்பனின் நேரம் ஞாயிறு மாலையாக இருந்தால் நல்லது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

சாப்பிட்டுக்கொண்டே அவனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் வராத சனிக்கிழமை நீ என்ன பண்ணுவ?" அவன் சொல்கிற பதிலில் ஒன்றையாவது நாளைய திட்டத்தில் சேருங்கள். என் நண்பன் சனிக்கிழமை காலை ஒரு ஏரியைச் சுற்றி ஓடுகிறவன். இரண்டாவது பயணத்தில் அவன் ஓட, நான் கூடவே சைக்கிளில் போனேன். கரையோரம் யாரும் தடுக்கவில்லை, டிக்கெட்டும் இல்லை. காட்டிலும் ஏரிக்கரையிலும் எல்லோரும் நடக்கலாம், காளானும் காட்டுப்பழமும் பறித்துக்கொள்ளலாம் என்ற உரிமை அந்த நாட்டில் எல்லோருக்கும் உண்டு. பிறர் வீட்டு முற்றத்தையும் விளைநிலத்தையும் விட்டு மட்டும் விலகி நடக்க வேண்டும்.

படி 6: சனி காலை, நீலத் தடத்தில்

ஷிஸ்தாவிலிருந்து ஊருக்குப் போகும் நீலத் தட மெட்ரோ வெறும் ரயில் பயணம் இல்லை, அது ஒரு ஓவியக் கண்காட்சி. ஸ்டாக்ஹோம் மெட்ரோவின் 100 நிலையங்களில் 90-க்கு மேல் ஓவியமோ சிற்பமோ உண்டு. அதில் மிகச் சிறந்தவை 1975-ல் திறந்த இந்தத் தடத்தில்தான் வருகின்றன என்பது என் எண்ணம். நண்பன் வேறு பகுதியில் இருந்தால்கூட மத்திய மெட்ரோ நிலையமான டி-சென்ட்ரலென் வந்து இதில் ஏறிப் பாருங்கள்.

குடைந்த பாறையைப் பூசி மறைக்காமல், அதன் மேடு பள்ளத்தோடு மேலே மெல்லிய கான்கிரீட் தெளித்து வண்ணம் அடித்திருக்கிறார்கள். நெக்ரோசென் நிலையத்தின் கூரையில் அல்லிப்பூக்கள். அடுத்தது சோல்னா சென்ட்ரும். இங்கே கட்டாயம் இறங்குங்கள். கீழே கரும்பச்சைத் தேவதாரு மரக்காடு, ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவரோடு ஓடுகிறது. அதற்கு மேலே கூரை முழுக்க ரத்தச் சிவப்பு வானம். அருகில் போய்ப் பார்த்தால் காட்டுக்குள் சிறு சிறு காட்சிகள் தெரியும். வெட்டப்பட்ட மரம், புகை கக்கும் ஆலை, ஆளில்லாமல் போன கிராமம். 70-களில் சுவீடன் எதை நினைத்துக் கவலைப்பட்டதோ அதையெல்லாம் இரண்டு ஓவியர்கள் சுவரில் வைத்துவிட்டார்கள்.

டி-சென்ட்ரலெனில் வெள்ளைக் குகைச் சுவரில் நீலக் கொடிகள் படர்ந்திருக்கும். எல்லோரும் அதைத்தான் படம் எடுப்பார்கள். நீங்கள் ஒரு வளைவு தள்ளிப் போங்கள். அங்கே நீல நிழலுருவங்களாக ஏணியில் நிற்கும் தச்சர், பற்றவைப்பவர், பாறை உடைப்பவர் எல்லோரும் இருப்பார்கள். அந்த நிலையத்தைக் கட்டியவர்களையே அதன் சுவரில் வரைந்து வைத்திருக்கிறார் பெர் ஓலோஃப் உல்ட்வெட். கட்டடம் கட்டியவரின் பெயர் எங்கேயும் இல்லாத நகரங்களிலிருந்து போகிற எனக்கு அந்தச் சுவரை விட்டு நகர மனம் வரவில்லை.

கடைசி நிலையம் குங்ஸ்ட்ரெட்கோர்டன். ஏறக்குறைய 30 மீட்டர் ஆழம், பாறையில் தண்ணீர் கசிந்து பாசி பிடித்திருக்கும். சுவீடனில் வேறெங்கும் காணாத ஒரு சின்னஞ்சிறு சிலந்தி இனம் இந்த நிலையத்தில் வாழ்கிறது.

இங்கே மேலே ஏறி 7 எண் டிராமில் யூர்கோர்டன் தீவுக்குப் போங்கள்.

படி 7: வாசா கப்பல், சனிக்கிழமையின் ஒரே பெரிய இடம்

யூர்கோர்டன் தீவில் இருக்கும் வாசா கப்பல் அருங்காட்சியகத்தைக் காலை பத்து மணிக்குத் திறக்கிறார்கள், கோடை மாதங்களில் எட்டரைக்கே. திறக்கும் நேரத்துக்கு வாசலில் நில்லுங்கள். 11 மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிடும்.

உள்ளே நுழைந்ததும் முதலில் இருட்டுத்தான். மரம் கெடாமல் இருக்க வெளிச்சத்தையும் ஈரத்தையும் அளந்து வைத்திருக்கிறார்கள். கண் பழகியதும் எதிரே 69 மீட்டர் நீளக் கப்பல் ஒன்று முழுசாக நிற்பது தெரியும். 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணம் புறப்பட்டு, 1,300 மீட்டர் போவதற்குள் ஊரே பார்த்திருக்க மூழ்கிய கப்பல். சுமார் 30 பேர் இறந்தார்கள்.

ஏன் மூழ்கியது என்று நண்பனோடு வாதாடிப் பாருங்கள், இரண்டு பேரும் பொறியாளர் என்றால் அரை மணி நேரம் போவதே தெரியாது. அரசன் குஸ்தாவ் அடால்ஃபுக்கு 64 பீரங்கியோடு, இரண்டு அடுக்குப் பீரங்கித் தளத்தோடு சீக்கிரம் கப்பல் வேண்டும். மேல்பாகம் கனத்துப்போனது, அதைத் தாங்குமளவுக்கு அடிப்பாகம் அகலமில்லை. புறப்படுவதற்கு முன் 30 ஆட்களைத் தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டுச் சோதித்தார்கள். கப்பல் ஆடிய ஆட்டத்தில் மூன்று ஓட்டத்தோடு நிறுத்திவிட்டார்கள். கவிழ்ந்துவிடும் என்று எல்லோருக்கும் பயம். அரசன் போர்முனையில் இருந்தான், அவனுக்குச் சொல்ல யாரும் இல்லை. சின்னக் காற்றுக்குக் கப்பல் சாய்ந்தது, பீரங்கிகளை நீட்டுவதற்காகத் திறந்திருந்த கீழ்த்தளச் சாளரங்கள் வழியாகத் தண்ணீர் ஏறியது. பிறகு நடந்த விசாரணையில் குற்றவாளி என்று எவரையும் தீர்மானிக்கவில்லை.

333 வருடம் கழித்து 1961 ஏப்ரல் 24 அன்று அது மேலே வந்தது. மற்ற கடல்களில் மரத்தை அரித்துத் தின்றுவிடும் கப்பல்புழு, உப்புக் குறைந்த பால்டிக்கில் வாழ்வதில்லை, அதனால்தான் மரம் தப்பித்தது. கும்மிருட்டில் 32 மீட்டர் ஆழத்தில் முக்குளிப்பவர்கள் தண்ணீரைப் பீய்ச்சிக் கப்பலுக்கு அடியில் 6 சுரங்கம் தோண்டிக் கம்பிவடம் போட்டார்கள். மேலே வந்த பிறகு மரம் வெடிக்காமலிருக்க 17 வருடம் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலைத் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். இன்று நாம் பார்ப்பதில் 95 சதவீதத்துக்கு மேல் அந்தப் பழைய மரமே.

கீழ்த்தளத்தை விட்டுவிடாதீர்கள். கப்பலில் கிடைத்த எலும்புகளை வைத்து இறந்தவர்களின் முகங்களை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். அதில் பல வருடம் ஆண் என்று நினைத்திருந்த ஒருவர், பெண் என்று 2023-ல் டிஎன்ஏ சோதனை காட்டியது. மாலுமிகள் துறைமுகத்தை விட்டுக் கொஞ்ச தூரம்வரை குடும்பத்தை ஏற்றிப்போக அன்றைக்கு அனுமதி இருந்தது. கணவனை வழியனுப்பக் கப்பலேறியவராக இருக்கலாம். இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: சனி மதியமும் மாலையும்

மதிய உணவைக் கையோடு கொண்டுவந்திருந்தால் நல்லது. வார நாளில் உணவகங்களில் நியாயமான விலைக்கு 'அன்றைய சாப்பாடு' கிடைக்கும், வார இறுதியில் அது பெரும்பாலும் இருக்காது. நாங்கள் டப்பாவில் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் கொண்டுபோய் யூர்கோர்டன் கரையோரப் புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டோம். காட்டு வாத்துகள் கூட்டமாகச் சுற்றும், உட்காரும் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு தீவுக்குள் நடக்கலாம், மரங்களுக்கு நடுவே கால்வாயோரம் நல்ல பாதை. குழந்தைகள் கூட வந்தால் ஸ்கான்சென் போங்கள். 1891-ல் ஆர்தர் ஹசேலியஸ் தொடங்கிய திறந்தவெளி அருங்காட்சியகம், உலகத்தில் அந்த வகையில் மிகப் பழையவற்றில் ஒன்று. நாடெங்கிலுமிருந்து பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். பழுப்புக் கரடியும் எல்க் மானும் உண்டு, குளிர்காலத்தில் கரடி தூங்கிவிடும். அதற்கு அரை நாள் வேண்டும். வாசாவையும் அதையும் ஒரே நாளில் பார்த்தால் மாலைக்குக் கால் இருக்காது. அபா பாப் இசைக்குழுவின் அருங்காட்சியகமும் பக்கத்தில்தான், அந்தப் பாட்டுகளோடு வளர்ந்தவர்கள் போகட்டும்.

திரும்பும்போது படகு. யூர்கோர்டனிலிருந்து ஸ்லுசெனுக்குப் பத்து நிமிடம், எஸ்.எல். சீட்டே போதும். மேல் தளத்தில் நில்லுங்கள். இடமும் வலமுமாகத் தீவுகள் விரிவதைப் பார்க்கத் தனியாகச் சுற்றுலாப் படகு எடுக்கத் தேவையில்லை.

ஸ்லுசென் பக்கம் வண்டியில் பால்டிக் மத்தி வகை மீனைக் கம்பு மாவில் புரட்டி வறுத்துத் தருகிறார்கள். உருளைக்கிழங்கு மசியலோடும் வாங்கலாம், மொறுமொறு ரொட்டி மேல் வைத்தும் வாங்கலாம். காரம் இல்லை. ஆனால் சுடச்சுடக் கையில் வாங்கி நின்று சாப்பிட்டால் கடற்கரை வறுவல் கடை ஞாபகம் வரும்.

அங்கிருந்து சோடெர்மால்ம் மேட்டில் மான்டேலியஸ்வேகன் பாதைக்கு ஏறுங்கள். அரை கிலோமீட்டர் மரப்பலகைப் பாதை, கீழே ஏரி, எதிரே நகர மன்றக் கோபுரம், வலப்பக்கம் பழைய நகரம். சூரியன் மறையும் நேரத்துக்கு அங்கே இருக்கும்படி மற்ற எல்லாவற்றையும் தள்ளிக் குறுக்கிக்கொள்ளுங்கள். குளிர்காலம் என்றால் மதியம் இரண்டரைக்கே வர வேண்டும், எனவே வாசாவை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம். இரவுச் சாப்பாடு வீட்டில்.

படி 9: ஞாயிறு

காலை எட்டு மணிக்குக் காம்லா ஸ்தான், அதாவது பழைய நகரம். பத்து மணிக்கு மேல் அங்கே நினைவுப்பொருள் கடைகளும் கூட்டமும் மட்டும்தான் தெரியும். எட்டு மணிக்கு உங்கள் காலடிச் சத்தம் கல் பாவிய சந்தில் எதிரொலிக்கும். மார்டென் ட்ரோட்சிக் சந்து, ஒடுங்கிய இடத்தில் 90 சென்டிமீட்டர்தான். 36 படி, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

நடுவில் ஸ்டூர்டோரியெட் சதுக்கம். மஞ்சளும் சிவப்புமாக நிற்கும் வீடுகளைப் படம் எடுப்பதற்கு முன் நண்பனிடம் கதை கேளுங்கள். 1520 நவம்பரில் டென்மார்க் அரசன் இரண்டாம் கிறிஸ்டியன், விருந்துக்கு வந்த பிரபுக்களும் குருமார்களுமாக 80-க்கு மேற்பட்டவர்களை இங்கே வெட்டிக் கொன்றான். அந்தக் கோபத்தில் எழுந்த கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவர்தான் குஸ்தாவ் வாசா. 1523-ல் சுவீடன் தனி நாடானது.

அரண்மனைக்கு எதிரே ஃபின்லாந்துத் தேவாலயத்தின் பின்முற்றத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு நிலாவைப் பார்க்கும் இரும்புச் சிறுவன் இருக்கிறான். 15 சென்டிமீட்டர் உயரம். தலையைத் தடவித் தடவி வழவழப்பாகிவிட்டது. குளிர்காலத்தில் யாரோ அவனுக்குக் கம்பளித் தொப்பியும் கழுத்துத் துண்டும் பின்னிப் போட்டுவிடுகிறார்கள். நான் பிப்ரவரியில் பார்த்தபோது சிவப்புத் தொப்பி.

சதுக்கத்தில் நோபல் பரிசு அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் உணவகத்தில் உட்காரும் முன் நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். பரிசு பெற்றவர்கள் அடிப்பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். தமிழ்நாட்டோடு இந்த ஊருக்கு இருக்கும் பழைய உறவு இது. திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1930-லும், அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகர் 1983-லும், சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-லும் இங்கேதான் பரிசு வாங்கினார்கள். வாங்கிய மண்டபம், ஹோடோரியெட் சதுக்கத்தில் இருக்கும் நீல நிறக் கச்சேரி மாளிகை. அதன் வாசல் படிக்கட்டுக்கு முன்னால் வார நாளில் காய்கறி, பூச் சந்தை, ஞாயிறன்று பழைய பொருள் சந்தை. பித்தளைச் சாமான், பீங்கான் கோப்பை எல்லாம் பரப்பி வைத்திருப்பார்கள். எனக்கு மாளிகையை விட அந்தச் சந்தை முன்னால் நிற்கிறதே, அது பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமையின் பெரிய இடம் நகர மன்ற மாளிகை. 1923-ல் திறந்தது, ஏறக்குறைய 80 லட்சம் செங்கல். வழிகாட்டியோடு மட்டும்தான் உள்ளே விடுவார்கள், காலையிலேயே நேரம் பார்த்து வாங்கிவிடுங்கள். நோபல் விருந்து நடக்கும் நீல மண்டபத்தில் நீலம் இல்லை. நீலச்சாந்து பூசத் திட்டமிட்ட கட்டடக் கலைஞர் ராக்னர் ஓஸ்ட்பெரி, சிவப்புச் செங்கல்லின் அழகைப் பார்த்து அப்படியே விட்டுவிட்டார், பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. மாடியில் பொன் மண்டபத்தில் 1 கோடியே 80 லட்சத்துக்கு மேற்பட்ட கண்ணாடி, தங்கச் சில்லுகள். 106 மீட்டர் கோபுரத்தில் கோடையில் மட்டும் ஏறலாம். உள்ளே போக முடியாவிட்டாலும் ஏரிக்கரைத் தோட்டத்துக்குக் காசு இல்லை.

கோடையில் வெயில் நன்றாக அடித்தால் இதையெல்லாம் விட்டுவிட்டுப் படகேறுங்கள். கடல் பக்கம் சுமார் 30,000 தீவுகளும் பாறைகளும் சிதறிக் கிடக்கின்றன. மிக அருகிலுள்ள ஃபியேடர்ஹோல்மர்னாவுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவழிக்கத் தயார் என்றால் வாக்ஸ்ஹோல்ம், மரவீடுகளும் கடல் நடுவே கோட்டையும் உள்ள சிற்றூர்.

மதியம் மூன்று மணிக்கு ஃபீக்கா. காபியும் ஒரு இனிப்பு ரொட்டியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசுவதற்குத்தான் அந்தப் பெயர். குடித்துவிட்டு ஓடினால் அது ஃபீக்கா ஆகாது. பட்டை ரொட்டியை விட ஏலக்காய் ரொட்டியைக் கேளுங்கள், கார்டமும்மபுல்லெ. ஏலக்காயைத் தூளாக்காமல் கொரகொரப்பாக இடித்துப் போடுகிறார்கள். கருப்புப் பொட்டுகளாகக் கண்ணுக்குத் தெரியும், பல்லில் கடிபடும். பிய்க்கும்போதே பாயசம் இறக்கிய அடுப்பங்கரை வாசனை வரும். பேக்கரியில் கூட்டமிருந்தால் முதலில் எந்திரத்திலிருந்து எண் சீட்டைக் கிழித்துக்கொள்ளுங்கள். வரிசை கண்ணுக்குத் தெரியாது, எண்ணில்தான் இருக்கும்.

படி 10: கிளம்பும் முன்

இரவு விமானம் ஒன்பதுக்கு மேல் இருக்கும்படி பார்த்து எடுங்கள். ஐந்து மணிக்கு வீட்டில் இருக்கலாம். படுத்த மெத்தை விரிப்பையும் துண்டையும் உருவி மடித்துக் கூடையில் போட்டுக்கொண்டு, நண்பனோடு சலவை அறைக்கு இறங்குங்கள். எந்திரத்தில் போட்டுவிட்டுத் திரும்பி மாடிக்கு ஏறாதீர்கள். பக்கத்தில் ஒரு பெஞ்ச் இருக்கும். கைப்பேசி சிக்னல் சரியாகக் கிடைக்காது, வேறு யாரும் வர மாட்டார்கள், அந்த நேரம் உங்களுடையது. ஒரு சுற்று முடிய 50 நிமிடம் ஆகும். மூன்றாவது பயணத்தில் அங்கே உட்கார்ந்துதான் அப்பாவின் கடைசி மாதங்களை அவன் முழுசாகச் சொல்லி முடித்தான். எந்திரம் நின்று விளக்கு எரிந்தது. உலர்த்தியில் மாற்றிப் போட்டுவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தோம்.